நாலு கம்பியில் ஆறு வோல்டேஜ்

எங்கள் தெருவில் அதிகம் பேசுகிறவர் யார் என்று கேட்டால் எல்லாரும் என் அண்ணியைத்தான் காட்டுவார்கள். என் கணவருடைய அக்கா. ஆனால் ஒரு நாளில் பாதி நேரம் அவர் வாயிலிருந்து எண்களைத் தவிர வேறு எதுவும் வராது. அவர் தொழில் அப்படி.

வீட்டின் முன் அறைதான் பட்டறை. ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை, மேஜைமேல் கைப்பிடி வைத்த மெஷின். டிரான்ஸ்பார்மருக்கு உள்ளே இருக்கும் காயிலை அண்ணி அதில்தான் சுற்றுவார். இடது கை செம்புக் கம்பியை இழுத்தும் இழுக்காமலும் பிடித்திருக்கும். வலது கை கைப்பிடியைச் சுழற்றும். பாபின் என்று சொல்கிற சின்னக் கூட்டின்மேல் கம்பி ஒன்றை ஒன்று ஒட்டி, இடைவெளி இல்லாமல் போய் உட்காரும். சுற்றுகளை எண்ண மெஷினிலேயே ஒரு கவுண்டர் உண்டு. அண்ணி அதை நம்புவதில்லை. "அது ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல ஒரு தூக்கம் போட்டுட்டு வரும்" என்பார். அதனால் வாயாலேயே எண்ணுவார். அவர் எண்ணும்போது யாரும் எதுவும் கேட்கக் கூடாது.

கல்யாணமாகி வந்த மறுநாள் இது தெரியாமல் சமையலறை வாசலில் நின்று, "அண்ணி, உப்பு எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"நூத்தி எழுபத்தி மூணு," என்றார்.

நான் விழித்தேன்.

"நூத்தி எழுபத்தி நாலு," என்றார் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக.

ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று உள்ளே போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் மெஷின் நின்றது. உடனே அண்ணியின் குரல், அணை திறந்த மாதிரி: "என்ன கேட்ட, உப்பா? அடுப்புக்கு மேல நீல டப்பா. நீல டப்பான்னா மூடி சிவப்பா இருக்கும், அது உடைஞ்ச டப்பாவோட மூடி. ஏன் பொண்ணே, ராத்திரி சரியா தூங்கலையா, கண்ணு வீங்கியிருக்கு? உன் தம்பி எந்த வகுப்பு படிக்கிறான்? சரி சரி, அப்புறம் சொல்லு, நான் ஆரம்பிக்கிறேன்." மெஷின் மறுபடி சுழன்றது.

அந்த நிறுத்தத்துக்குத்தான் டேப்பிங் என்று பெயர். காயிலை ஒரேயடியாகச் சுற்றி முடித்தால் அதிலிருந்து ஒரே ஒரு வோல்டேஜ்தான் எடுக்க முடியும். நடுவில் நிறுத்தி, கம்பியை வெட்டாமல் ஒரு மடிப்பை வெளியே இழுத்து, முறுக்கி, அதற்கு ஸ்லீவ் என்கிற சின்னக் குழாய் உறையை மாட்டி, நூலால் கட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மேலே சுற்றினால் அந்த இடத்திலிருந்தும் ஒரு வோல்டேஜ் எடுக்கலாம். எத்தனை இடத்தில் இழுக்கிறோமோ அத்தனை. ஸ்லீவ் மாட்டி நூல் கட்டுகிற வேலைக்குக் கை போதும், வாய் தேவையில்லை. அதனால் அண்ணி பேசுவதெல்லாம் டேப்பிங்கில்தான்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்கு அதை அவர் பஸ்ஸை வைத்துச் சொன்னார்.

"காயில்ங்கிறது ஒரு பஸ் ரூட்டு, வச்சுக்கோ. ஆரம்பிச்ச எடத்துலருந்து கடைசி வரைக்கும் ஒரே கம்பி, ஒரே ரோடு. டேப்பிங்ங்கிறது நடுவுல வர்ற ஸ்டாப்பு. எங்க ஏறுற, எங்க இறங்குற, நடுவுல எவ்வளவு தூரம், அதுக்குத்தான் டிக்கெட். அதான் வோல்டேஜ். புரிஞ்சுதா?"

புரிந்தது. கம்பி அடுக்குகளுக்கு நடுவே வைக்கக் காகிதம் வெட்டுவது, ஸ்லீவை அளவுக்கு நறுக்கி வைப்பது, நூலுக்கு மெழுகு தடவுவது என்று அண்ணிக்குப் பக்கத்திலேயே எனக்கும் ஒரு முக்காலி அமைந்தது. பின்னால் இருக்கும் சின்ன அறையில் என் கணவர் சுற்றிய காயிலுக்குள் இரும்புத் தகடுகளை அடுக்கி, வார்னிஷில் முக்கி எடுப்பார்.

வீட்டு விவகாரம் முழுவதும் டேப்பிங் பார்த்துத்தான் நடந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது என்பதிலிருந்து கூரை பெயர்ந்துவிட்டது என்பது வரை எல்லாச் சேதியும் மெஷினுக்குப் பக்கத்தில் வரிசையில் நிற்கும். என் கணவர் தகடும் கையுமாக வந்து, "அக்கா, அடுத்த டேப்பிங் எப்போ?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். சண்டைக்கும் அதே சட்டம். ஒரு டேப்பிங்கில் ஆரம்பித்த சண்டை அடுத்ததில்தான் தொடரும். அதற்குள் அது பாதி ஆறியிருக்கும். "நடுவுல நூறு சுத்து சுத்திப் பாரு, எந்தக் கோபமும் நிக்காது" என்பார் அண்ணி.

இந்தத் தொழில் அவருடைய அப்பாவுடையது. அப்பா திடீரென்று போனபோது என் கணவர் பள்ளிக்கூடப் பையன். பட்டறை அவ்வளவுதான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அதுவரை காகிதம் மட்டும் வெட்டிக்கொண்டிருந்த அண்ணி முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். முதலில் சுற்றியதெல்லாம் சூடானது, உறுமியது, ஒன்று புகைந்தது. பிறகு சரியாயிற்று.

பெண் பார்க்க வந்தவர்களும் உண்டு. வந்தவர்கள் மெஷினைப் பார்ப்பார்கள், அண்ணியின் விரல்களில் கம்பி போட்ட கோடுகளைப் பார்ப்பார்கள். "கல்யாணத்துக்கு அப்புறம் இந்தக் கம்பி சுத்துற வேலையெல்லாம் எங்க வீட்டுல அவசியமில்ல" என்று பெருந்தன்மையாகச் சொல்வார்கள். "அப்போ எனக்கும் உங்க வீடு அவசியமில்ல" என்பார் அண்ணி. இப்படிச் சிலர் வந்து போன பிறகு வருவது நின்றது. தம்பிக்கு முதலில் முடித்துவிட்டு அக்கா நிற்கிறாளே என்று ஊர் வாய் கொஞ்ச காலம் மென்றது. சலித்துப்போய் அதுவும் விட்டுவிட்டது. எங்களிடம் வேலை கொண்டுவருகிறவர்கள் எல்லாரும், தலை நரைத்தவர்கள் உட்பட, அவரை அக்கா என்றே கூப்பிட்டார்கள். ஒருவரைத் தவிர.

அவர் ரேடியோ ரிப்பேர் கடைக்காரர். இரண்டு தெரு தள்ளி, கடிகாரக் கடைக்குப் பக்கத்தில் கடை. கல்யாணம் செய்துகொள்ளாமல் அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்து, அம்மா போன பிறகு தனியாக இருந்தார். பேச்சே வராது. "கடை பூராவும் பேசுற பெட்டிதான், கடைக்காரருக்கு மட்டும் சவுண்டு வேலை செய்யல" என்று அண்ணி அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார். அவரும் சிரித்துக்கொண்டு நின்றார்.

முதலில் எரிந்துபோன ஒரு டிரான்ஸ்பார்மரைத் திரும்பச் சுற்றக் கொண்டுவந்தார். "மேடம்" என்று ஆரம்பித்தார்.

"மேடமெல்லாம் பேங்க்ல. இங்க எல்லாரும் அக்கான்னுதான் கூப்பிடுவாங்க."

அவர் தலையை ஆட்டினார். ஆனால் கூப்பிடவில்லை. "இந்தாங்க" என்பார், "ஏங்க" என்பார், இல்லாவிட்டால் தொண்டையைக் கனைப்பார். எத்தனை முறை வந்து போனாலும் அக்கா என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை. அதை முதலில் நான் கவனித்தேன். அடுத்து கவனித்தது பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. அவர் கவனித்தால் தெருவே கவனித்த மாதிரி.

"என்ன, உங்க வீட்டுல ஒருத்தர் 'ஏங்க, ஏங்க'ன்னு கூப்பிட்டுக்கிட்டு உக்காந்திருக்கார்? நான் உன் வீட்டுக்காரர நீதான் கூப்பிடுறியோன்னு நினைச்சேன். அப்புறம் பாத்தா ஆம்பளக் குரலு," என்று ஜன்னல் வழியாகவே என்னைக் கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன்.

அண்ணி டேப்பிங்கில்தான் பேசுவார் என்பதை ரேடியோக்காரர் சீக்கிரமே பிடித்துக்கொண்டார். அதன் பிறகு அவர் கொடுத்த வேலைகளில் எல்லாம் டேப்பிங் கூடிக்கொண்டே வந்தது. சார்ஜருக்கு இரண்டு போதும் என்கிற இடத்தில் மூன்று கேட்பார். ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்று வேண்டும் என்கிற இடத்தில், "எதுக்கும் இன்னொண்ணு இருக்கட்டுமே" என்பார். வேலை நடக்கும்போது எதிரே ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். மெஷின் நின்றதும் அவர் கடைப் பூனையின் கதை தொடங்கும். அது ஆம்ப்ளிஃபயர் மூடியின்மேல் சூட்டுக்காகப் படுத்துத் தூங்கும் பூனை. ஒரு டேப்பிங்கில் பூனை காணாமல் போகும். மெஷின் சுழலும். அடுத்த டேப்பிங்கில் கடிகாரக் கடையில் கிடைக்கும். "சீக்கிரம் சொல்லுங்க, நூலைக் கட்டிட்டேன்" என்று அண்ணி அவசரப்படுத்துவார். ரேடியோக்காரர் அவசரப்படவே மாட்டார். மீதியை அடுத்ததுக்கு வைத்துக்கொள்வார்.

"நல்ல கஸ்டமர்," என்று என் கணவர் சொல்வார். "பொறுமையா உக்காந்து வாங்கிட்டுப் போறார்."

நான் என்னத்தைச் சொல்ல.

ஒருநாள் ரேடியோக்காரர் பெரிய வேலை ஒன்று கொண்டுவந்தார். கடையில் ரிப்பேருக்கு வரும் சாமான்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வோல்டேஜ் கேட்கும். பொம்மைக்கு மூன்று, சின்ன ரேடியோவுக்கு ஆறு, இன்னொன்றுக்கு ஒன்பது. தனித்தனியாக அடாப்டர் வைத்துக்கொண்டு, ஒயரெல்லாம் சிக்கி, ஒருநாள் மாற்றிக் கொடுத்ததில் யாருடையதோ ஒரு ரேடியோ புகைந்துவிட்டது. அதனால் மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு, இந்த ஆறும் ஒரே டிரான்ஸ்பார்மரிலிருந்து வர வேண்டும்.

"ஒரே நேரத்துல எத்தனைய ரிப்பேர் பண்ணுவீங்க?" என்று அண்ணி கேட்டார்.

"ஒண்ணுதான். எனக்கு ரெண்டு கைதானே."

"சரி, கரண்ட் உள்ள வர்ற மெயின் பக்கத்த நாளைக்குச் சுத்தி வச்சிடுறேன். வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் சுத்தலாம்."

"நான் வந்தப்புறம் சுத்துறீங்களா?"

"ஏன், கம்பிய நான் திருடிடுவேன்னா?"

அவர் காது சிவந்தது. அண்ணி உள்ளே கம்பி எடுக்கப் போனபோது என் பக்கம் திரும்பினார். அதுவரை அவர் என்னிடம் நேராகப் பேசியதில்லை.

"ஆறு வோல்டேஜ்னா நடுவுல அஞ்சு எடத்துல நிறுத்துவாங்க, இல்லையாம்மா?"

நான் தலையாட்டினேன்.

"அஞ்சாவதுல ஒண்ணு கேக்கணும் அவங்கள. வாழ்க்கை விஷயம். அதுக்கு முன்னாடி நாலு எடம் இருந்தாத்தான் எனக்கு வாய் வரும்." செருப்பைத் தேடிக்கொண்டே, "நடுவுல வேற யாரும் வந்துடாம பாத்துக்குங்க," என்றார்.

என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அண்ணியிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். ரேடியோக்காரர் தன் வாயால் கேட்க வேண்டியதை நான் முந்திக்கொண்டு சொல்வது சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அண்ணி சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மேஜைமேல் கொண்டை ஊசிகளை வரிசையாக அடுக்கினார். அடுக்குவார், ஒன்றை நகர்த்துவார், விரலால் தூரத்தை அளப்பார், கலைப்பார். கேட்டதற்கு, "பேசாத, எண்ணிக்கிட்டிருக்கேன்," என்றார். கம்பியே இல்லாமல் எதை எண்ணுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கடைசியில் ஒரு ஊசியை நகர்த்தி வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். மறுநாள் பீரோவிலிருந்து புதுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டார். பட்டறைக்குப் புதுச் சேலையா என்று நான் பார்த்ததைப் பார்த்து, "பழசெல்லாம் தண்ணியில கிடக்கு," என்றார். கொடியில் மூன்று சேலை காய்ந்துகொண்டிருந்தது.

ரேடியோக்காரர் தேய்த்த சட்டையில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் வாசல் கதவை ஒருக்களித்து வைத்தேன். கறுப்பு ஸ்லீவ் போட்ட கம்பியில் தொடங்கி மெஷின் சுழன்றது. அந்தக் காயிலுக்கு ஒரு வோல்ட்டுக்கு எட்டுச் சுற்று. இருபத்துநாலில் மூன்று வோல்ட். அண்ணி நிறுத்தினார். நான் சிவப்பு ஸ்லீவை நீட்டினேன்.

"சொல்லுங்க, பூனை எப்படி இருக்கு?"

"மறுபடி ரெண்டு நாளா காணாம போய், நேத்து வந்துடுச்சு. ஆனா..." என்று நிறுத்தினார், வழக்கம்போல.

"ஆனா?"

"அடுத்ததுல சொல்றேன்."

அண்ணி சிரித்துக்கொண்டே கைப்பிடியைப் பிடித்தார். நானும் மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்தேன். நாற்பத்தெட்டில் ஆறு வோல்ட். அடுத்த ஸ்லீவைக் கையில் தயாராக வைத்திருந்தேன். ரேடியோக்காரர் வாயைத் திறந்தார்.

"நாப்பத்தி ஒம்போது," என்றார் அண்ணி. "அம்பது."

திறந்த வாய் மூடிக்கொண்டது. சரி, ஒன்பது வோல்ட்டில் நிற்கும் என்று இருந்தேன். எழுபத்திரண்டும் போயிற்று. ரேடியோக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஸ்லீவைப் பார்த்தேன். தொண்ணூற்றாறில்தான், பன்னிரண்டு வோல்ட்டில், மெஷின் நின்றது.

"நடுவுல ரெண்டு விட்டுப் போச்சு போல இருக்கே..."

"எதுவும் விட்டுப் போகல. பொறுங்க, கடைசில சொல்றேன்." அண்ணியின் முகம் முழுக்கச் சிரிப்பு. "பூனை என்னாச்சு? ஆனான்னு நிறுத்தினீங்களே."

"பூனை... நல்லாத்தான் இருக்கு."

அவ்வளவுதான். அதற்குமேல் அவருக்கு எந்தப் பேச்சை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மஞ்சள் ஸ்லீவ் கட்டி முடிந்தது. பதினைந்தையும் தாண்டி, பதினெட்டில் பச்சை ஸ்லீவோடு காயில் முடிந்தது.

"ஆச்சு!" அண்ணி பாபினைக் கழற்றி அவர் முன்னால் வைத்தார். "ஏழு கம்பி வர வேண்டிய எடத்துல நாலுதான் வருது பாருங்க. ஆனா ஆறு வோல்டேஜும் இருக்கு. எப்படின்னு சொல்லுங்க?"

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கறுப்புல ஏறி சிவப்புல இறங்கினா மூணு. மஞ்சள்ல இறங்கினா பன்னெண்டு, பச்சைல இறங்கினா பதினெட்டு. சிவப்புல ஏறி மஞ்சள்ல இறங்கினா ஒம்போது, பச்சைல இறங்கினா பதினஞ்சு. மஞ்சள்ல ஏறி பச்சைல இறங்கினா ஆறு. ஏறுற எடமும் ஸ்டாப்புதானே? எல்லாரும் ஆரம்பத்துலருந்தேதான் ஏறணும்னு சட்டமா?"

"ரொம்ப நல்லா இருக்கு," என்றார் ரேடியோக்காரர். குரல் உள்ளே போயிருந்தது. "அப்போ... நிறுத்தி நிறுத்தி சுத்துறது உங்களுக்குத் தொல்லையா இருந்துதோ?"

"பின்ன? ஒவ்வொரு எடத்துலயும் நிறுத்தி, இழுத்து, கட்டி முடிக்கிறதுக்குள்ள உயிர் போகும். இப்போ பாருங்க, சட்டுனு முடிஞ்சுபோச்சு!"

அவர் எழுந்தார். வருகிறேன் என்றார். ஒருக்களித்திருந்த கதவில் தோளை இடித்துக்கொண்டு போனார்.

டிரான்ஸ்பார்மர் பெட்டியை வாங்க வரும்போது கேட்டுவிடுவார் என்று நான் நினைத்தேன். அண்ணியும் அவர் வருவார் என்று எதிர்பார்த்தார். தகடு அடுக்கி, வார்னிஷ் காய்ந்து, நான்கு முனை வைத்த பெட்டி தயாரான அன்று வந்தது கடிகாரக் கடைக்காரர். "அவருக்குக் கொஞ்சம் வேலையாம், வாங்கிட்டு வரச் சொன்னார்," என்றார்.

அதன் பிறகு ரேடியோக்காரர் இந்தப் பக்கமே வரவில்லை. அண்ணி முதல் வாரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு ஒரு டேப்பிங்கில், "கம்பியக் குறைச்சு ஏமாத்திட்டேன்னு நினைச்சுட்டாரோ?" என்றார். இன்னொன்றில், "ஆறு வேணும்னா ஆறையும் தனித்தனியாவே போட்டிருக்கலாம். எனக்கு எதுக்கு இந்த அதிகப்பிரசங்கித்தனம்?" என்றார். அப்புறம் டேப்பிங்குகளில் அவர் பேசுவதே குறைந்தது. ஸ்லீவை மாட்டுவார், நூலைக் கட்டுவார், வாசலைப் பார்ப்பார், சுற்றத் தொடங்குவார். என் கணவர் வந்து, "அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "உடம்புக்கு என்ன? உன் வேலையப் பாரு," என்ற பதில் கிடைத்தது.

வாயாடி ஒருவர் பேசாமல் இருக்கிற வீட்டில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அடுத்து ஒரு ஸ்டெபிலைசர் காயில் வந்தது. முதல் டேப்பிங்கில் நான் ஸ்லீவைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"குடு."

"அண்ணி, அவர் டேப்பிங் கேட்டது வோல்டேஜுக்காக இல்ல."

"பின்ன எதுக்காம்?"

"நீங்க நிறுத்தினாத்தானே பேச முடியும்? அதுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் கூடக் கூடக் கேட்டார். அன்னிக்கு அஞ்சாவது எடத்துல உங்கள ஒரு வார்த்தை கேக்கணும்னு என்கிட்ட சொன்னார். வாழ்க்கை விஷயம்னு. நீங்க ரெண்டு எடத்துல மட்டும் நிறுத்தினீங்க. சட்டுனு முடிஞ்சுது, உயிர் போகுதுன்னு வேற சொன்னீங்க."

நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அண்ணி பார்த்ததில்லை. கம்பியைப் பிடித்த கை அப்படியே நின்றது. முகத்தில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது: அவர் கேட்ட கூடுதல் டேப்பிங்குகள், பூனை, தேய்த்த சட்டை. கழுத்தில் சிவப்பு ஏறியது.

"பைத்தியக்கார மனுஷன்!" என்று எழுந்தார். "கேக்கணும்னா கேக்க வேண்டியதுதானே! நான் என்ன, மாட்டேன்னு சொல்லிட்டேனா?"

பாதிக் காயிலில் கம்பி அறுந்து தொங்கியது. அண்ணி சுற்றை நடுவில் விட்டுவிட்டு எழுந்து நான் பார்த்த ஒரே தடவை அதுதான். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். தையல்காரம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்து, "எங்க, ரெண்டு பேரும் இந்த வெயில்ல?" என்றார். "ரேடியோ ரிப்பேர்!" என்றார் அண்ணி, திரும்பாமலே.

ஒடுக்கமான கடை. அலமாரி முழுக்க வயிறு திறந்த ரேடியோக்கள். ஒன்று மட்டும் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. மேஜைமேல் எங்கள் பெட்டி. மஞ்சளிலும் பச்சையிலும் கிளிப் மாட்டி ஏதோ வேலை நடந்துகொண்டிருந்தது. ரேடியோக்காரர் பற்றவைக்கும் சூட்டுக்கோலோடு நிமிர்ந்தார்.

"பெட்டி எப்படி இருக்கு?" என்றார் அண்ணி வாசலில் நின்றே.

"ஒரு குறையும் இல்ல."

"பின்ன ஏன் வரல?"

"வேலை..."

"பொய் சொன்னா கை சுடும்."

சுட்டுக்கொண்டார். சூட்டுக்கோலைக் கீழே வைத்துவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"நிறுத்தி நிறுத்தி சுத்துறது உயிர் போற வேலைன்னு நீங்கதானே சொன்னீங்க. சரி, நம்மளால எதுக்கு அவங்களுக்குத் தொல்லைன்னு..."

"வேலையச் சொன்னேன்யா! உங்களச் சொன்னேனா?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுது."

"ஒயர் சிக்குது, மாத்திக் குடுத்து ரேடியோ புகைஞ்சுடுச்சுன்னு வந்து அழுதது யாரு? உங்களுக்குச் சிக்கக் கூடாதுன்னு கொண்டை ஊசிய வச்சுக்கிட்டு எத்தனை நேரம் உக்காந்திருந்தேன் தெரியுமா? வேற யாருக்காவது அப்படிப் போட்டுக் குடுத்திருக்கேனா? இவளக் கேளுங்க."

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

ரேடியோக்காரர் பெட்டியின் நான்கு முனைகளையும் ஒரு முறை பார்த்தார். அன்றைக்குப் பார்த்த மாதிரி இல்லை. "எனக்காகவா?" என்றார்.

"இல்ல, உங்க பூனைக்காக."

"நான் அஞ்சு எடத்துல நிக்கும்னு அஞ்சு பேச்சு யோசிச்சு வச்சிருந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். ரெண்டோட முடிச்சிட்டீங்க."

அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அஞ்சையும் இப்போ சொல்லுங்க. என் கையில கைப்பிடி இல்ல. நான் எதையும் எண்ணல."

அவர் எழுந்து, பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்தார்.

"ஒண்ணு, பூனை குட்டி போட்டுடுச்சு."

"ஆம்பளப் பூனைன்னீங்க?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ரெண்டு, வீட்டுக் கூரை ஒழுகிக்கிட்டிருந்துது, சரி பண்ணிட்டேன். மூணு..." இங்கே தடுமாறினார். "அம்மா போனதுலருந்து வீட்டுல ஏன் லேட்டுன்னு கேக்க ஆள் இல்ல. நாலு, நீங்க காயில் சுத்துறத யாரும் விடச் சொல்லக் கூடாது. நான் சொல்ல மாட்டேன்."

அண்ணி வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அஞ்சு, நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா என்ன?"

"எந்த வீட்டுல? ஒழுகுற வீட்டுலயா?"

"சரி பண்ணிட்டேன்னு ரெண்டாவதுலயே சொன்னேனே!"

"நாலாவத இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் சொன்னார், முன்னைவிட நிதானமாக. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடையில் ஒரே தூசி என்று திட்டினார். பிறகு, "காலைல பட்டறைக்குப் போயிடுவேன். சாயந்தரம்தான் வருவேன். சோறு நீங்கதான் வடிக்கணும்," என்றார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "தம்பிகிட்ட நீங்கதான் வந்து கேக்கணும். அவன் வார்னிஷ் போடுற நேரத்துல வராதீங்க. அந்த நாத்தத்துல எதக் கேட்டாலும் முடியாதுன்னுதான் சொல்லுவான்."

மறுநாள் காலை நான் கதவைத் திறந்தபோது ரேடியோக்காரர் ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தார். என் கணவர் பல் துலக்கிக்கொண்டே வந்து, "என்னங்க, பெட்டி எரிஞ்சுபோச்சா?" என்று பதறினார்.

"இல்ல. உங்க அக்காவ... எனக்குக் குடுப்பீங்களான்னு கேக்க வந்தேன்."

என் கணவர் பிரஷ்ஷை வாயிலேயே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெருவுக்கே தெரியும்டா," என்றார் அண்ணி. "உனக்கும் உன் தகட்டுக்கும்தான் தெரியாது."

என் கணவர் கொல்லைப்புறம் போய் வாய் கொப்பளித்தார். வெகு நேரம் கொப்பளித்தார். முகத்தையும் கழுவினார் போலிருக்கிறது, திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. அப்பா போன நாளிலிருந்து அவரை வளர்த்தது அந்த அக்காதான். அண்ணி சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

என் கணவர் ஸ்டூலைத் துடைத்து ரேடியோக்காரர் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க மாமா," என்றார். "டீக்குச் சர்க்கரை எவ்வளவு போடச் சொல்லட்டும்?"

ரேடியோக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"ரெண்டு ஸ்பூன்," என்றார் அண்ணி.